லாகின் திரைக்கு வராத லேப்டாப்... முத்தியால்பேட்டையில் ஒரு காலைப் பொழுது!

புதுச்சேரி அஜந்தா சிக்னலில் நின்றால் இரண்டு ஊர்கள் தெரியும். தெற்கே திரும்பினால் சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் புதுச்சேரி. ஞாயிற்றுக்கிழமையானால் காந்தி வீதியின் இரண்டு பக்கமும் சண்டே மார்க்கெட் விரிந்துவிடும். வடக்கே போனால் கேமராவுடன் யாரும் அதிகம் வராத முத்தியால்பேட்டை. பூக்கடை, மளிகைக்கடை, நகை அடகுக்கடை, டிபன் கடை என்று உள்ளூர்க்காரர்களின் தினசரி வாழ்க்கை நடக்கும் இடம் அது.

சிக்னலில் டெம்போ பிடித்தால் சில நிமிடங்களில் மணிக்கூண்டு வந்துவிடும். முத்தியால்பேட்டையில் யாருக்கு வழி சொல்வதானாலும் இந்த மணிக்கூண்டிலிருந்துதான் தொடங்குவார்கள். கிழக்கே நடந்தால் சோலை நகர், அதைத் தாண்டினால் கடல். வடக்கே போனால் கோட்டக்குப்பம். அங்கே புதுச்சேரி முடிந்து தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் ஆரம்பித்துவிடும். ஒரே தெருவில் நடந்துகொண்டே இருந்தால் மாநிலம் மாறிவிடும் ஊர் இது.

மழை விட்டிருந்த ஒரு டிசம்பர் காலை. மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் லேப்டாப் சர்வீஸ் கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள். பத்துக்குப் பத்து கடை. மேஜை விளக்கு, திருப்புளிகள், பிரஷ், பழைய டூத் பிரஷ், பென்சில் அழிக்கும் ரப்பர், சுவரோரம் அடுக்கி வைத்த உடைந்த லேப்டாப்கள். வாசலில் ஓர் அம்மாவும் கல்லூரிப் பெண்ணும் துணிப்பையோடு காத்திருந்தார்கள்.

“அண்ணா, ஆன் ஆகுது. ஆனா உள்ள போகமாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு. பாஸ்வேர்டு போடுற இடமே வரல.”

“எத்தனை நாளா?”

“மூணு நாளா. வேற ஒரு கடையில காட்டினோம். ‘பார்மட் போட்டாதான் சரியாகும், போட்டுடலாமா?’ன்னு கேட்டாங்க. வேணாம்னு எடுத்துட்டு வந்துட்டோம்.”

கடைக்காரருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பையிலிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டே, “நல்ல வேலை பண்ணினீங்க. உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார்.

பதிலை அம்மாதான் சொன்னார். “எங்கப்பா குரல் இருக்கு தம்பி.”

நூல் மறந்த ஊர்

முத்தியால்பேட்டை நெசவாளர்களின் குடியிருப்பாக வளர்ந்த ஊர். பிரெஞ்சுக்காரர்களின் வணிகத்துக்கு ஆதாரமே புதுச்சேரி வட்டாரத்தில் நெய்த துணிதான். நீலச் சாயம் தோய்த்த ‘கினே’ துணி இங்கிருந்து கப்பல் ஏறி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. இன்று இந்தத் தெருக்களில் தறிச் சத்தத்தைத் தேடித்தான் கேட்க வேண்டும். தறி இருந்த முன்கூடங்கள் வாடகை வீடுகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன.

அந்தப் பெண்ணின் தாத்தாவும் தறியில் உட்கார்ந்தவர். எம்.ஏ. படிக்கும் பேத்தி, கல்லூரி புராஜெக்ட்டுக்காக அவரிடம் பேசிப் பேசி செல்போனில் பதிவு செய்திருக்கிறாள். பாவு ஓட்டுவது எப்படி, கஞ்சி போடுவது எப்படி, கூலி எவ்வளவு, தீபாவளிக்கு முதலாளி என்ன கொடுப்பார் என்று பதினான்கு பதிவுகள். போனில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டாள். பிறகு அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுப் போன் வாங்கியாயிற்று. தாத்தா ஐப்பசி மாதம் தவறிவிட்டார்.

ஆக, அந்தக் குரல் உலகத்தில் இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். அந்த இடத்தின் கதவு திறக்க மறுக்கிறது.

எந்த ஸ்டாப்பிங்கில் நிற்கிறது?

“பாப்பா, அஜந்தாவுல டெம்போ ஏறுற. கோட்டக்குப்பம் போகணும். வண்டி நடுவுல நின்னுபோச்சு. முதல்ல என்ன பார்ப்ப? எந்த ஸ்டாப்பிங்ல நிக்குதுன்னுதானே? இதுவும் அப்படித்தான். லாகின் வரலைன்னா நாலு ஸ்டாப்பிங்ல ஒண்ணுல நின்னிருக்கு” என்றார் கடைக்காரர்.

முதல் நிறுத்தம் மின்சாரம். பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரையும் பிளக்கையும்தான். வேறு பிளக் பாயின்டில் செருகிப் பார்க்கலாம், அதே வகை சார்ஜர் கிடைத்தால் மாற்றிப் பார்க்கலாம். அதிலும் அசையவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 வினாடி விடாமல் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்ய வேண்டும. உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடுவதால், செத்துப்போனது என்று நினைத்த லேப்டாப்கூட இதில் எழுந்துவிடுவது உண்டு.

இரண்டாவது நிறுத்தம், மெஷின் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் இடம். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். அப்போது செல்போன் டார்ச்சை திரைமேல் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக ஏதாவது தெரிந்தால் பிரச்னை திரையின் பின்விளக்கில் மட்டும்தான். வீட்டு டி.வி.யில் ஹெச்.டி.எம்.ஐ. வயரைச் செருகினால் அதில் படம் வந்துவிடும். டி.வி.யிலும் எதுவும் வராமல் ‘பீப்... பீப்’ என்று சத்தம் மட்டும் வந்தாலோ, கேப்ஸ் லாக் விளக்கு கண் சிமிட்டினாலோ, பல நேரம் காரணம் ரேம். அந்தச் சத்தத்தின் எண்ணிக்கைகூட ஒரு மொழிதான். எத்தனை முறை அடித்தால் என்ன கோளாறு என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது.

மேஜையில் கிடந்த பென்சில் ரப்பர் இந்த வேலைக்குத்தான். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டி, மறுபடி ‘டக்’கென்று உட்காரவைப்பார். “நம்ம ஊரு உப்புக்காத்து. கடல் கூப்பிடு தூரத்துல இருக்கு. ஸ்க்ரூகூட துருப்பிடிக்குது, ரேம் என்ன பண்ணும்?” என்பது அவர் வாதம்.

மூன்றாவது நிறுத்தம், லேப்டாப் தன் ஹார்டு டிஸ்க்கைத் தேடும் இடம். கம்பெனி லோகோ வரும், அதோடு நின்றுவிடும். அல்லது துவக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். இங்கே முதல் வைத்தியம் ரொம்ப எளிது. பென் டிரைவ், பிரின்டர், மெமரி கார்டு, வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். மறந்துபோன ஒரு பென் டிரைவை ஹார்டு டிஸ்க் என்று நினைத்து அதிலேயே தேடிக்கொண்டு நிற்கும் லேப்டாப்கள் உண்டு. அதற்கும் நகரவில்லை என்றால், ஆன் செய்தவுடனே எஃப்2 அல்லது டெலீட், சில கம்பெனிகளில் எஸ்கேப் அல்லது எஃப்10 பட்டனைத் தட்டி பயாஸ் பக்கத்துக்குப் போக வேண்டும். அந்தப் பட்டியலில் ஹார்டு டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியமான பரிசோதனை. பெயர் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

நான்காவது நிறுத்தம் விண்டோஸ். லோகோவும் தாண்டி, புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம், ரேம், டிஸ்க் எல்லாம் பெரும்பாலும் சரியாக இருந்து, உள்ளே இருக்கும் ஏதோ ஒரு கோப்பு மட்டும் கெட்டுப்போன நிலை. பாதியில் நின்ற அப்டேட்தான் அடிக்கடி காரணம்.

“கடைசியா என்ன பண்ணின?”

“அப்டேட் ஓடிட்டிருந்துச்சு அண்ணா. கரண்ட் போயி, பேட்டரியும் தீர்ந்து அணைஞ்சுபோச்சு.”

“அவ்ளோதான். நாலாவது ஸ்டாப்பிங்.”

ஒரே ஒரு கோப்பு உலகத்தை நிறுத்திய நாள்

இதே நான்காவது நிறுத்தத்தில் உலகமே ஒருநாள் நின்றது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டில் பிழை. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்தன. மறுபடி ஆன் ஆகும், மறுபடி நீலத் திரை. லாகின் பக்கமே வரவில்லை. விமானங்கள் ரத்தாயின. இந்திய விமான நிலையங்களில் சில பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கிடைத்தது.

அதற்குத் தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் நுழைந்து, குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் இருக்கும் அந்தப் பிழையான கோப்பை அழிப்பது. அவ்வளவுதான். ஆனால், பல இடங்களில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஆள் போய் உட்கார்ந்து கையால் செய்ய வேண்டியிருந்தது. யாரும் பயந்துபோய் 85 லட்சம் கணினிகளையும் பார்மட் செய்யவில்லை. கெட்டது ஒரு கோப்பு என்றால், எடுக்க வேண்டியதும் அந்த ஒரு கோப்புதான்.

பிரெஞ்சு பேசும் லேப்டாப்

கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்தவர் சிரித்தார். கீபோர்டில் ‘க்யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ இருந்தது. “பாரீஸ்ல இருந்து வந்ததா?”

“எங்க சித்தப்பா கொண்டு வந்தது அண்ணா.”

முத்தியால்பேட்டைக்கு இது புதிதல்ல. 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து கிளம்பியது. 1962-ல் சட்டப்படியான ஒப்படைப்பும் முடிந்தது. ஆனால், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் வழியாக உறவு தொடர்கிறது. லீவில் வரும் மாமாக்களும் சித்தப்பாக்களும் சென்ட் பாட்டில், சாக்லேட்டோடு லேப்டாப்பும் கொண்டு வருவார்கள். அந்த கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். எண்களை அடிக்க ஷிஃப்ட்டைச் சேர்த்து அழுத்த வேண்டும். விண்டோஸும் பிரெஞ்சில்தான் பேசும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு வகை லேப்டாப்கள் இந்தக் கடைக்கு வருகின்றன. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்தவை. அவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்து வந்தது. ஆன் செய்தால் எதில் போகலாம் என்று கேட்கும். புதுச்சேரி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களும் இதே மேஜைக்கு வருகின்றன. மூன்று அரசாங்கங்களின் மிச்சத்தையும் அந்தப் பத்துக்குப் பத்து கடையில் பார்த்துவிடலாம்.

கடைக்காரர் எஃப்2-வைத் தட்டி பயாஸுக்குள் போனார். பட்டியலில் டிஸ்க்கின் பெயர் இருந்தது. “பாருங்கக்கா, டிஸ்க் உயிரோட இருக்கு” என்று திரையை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர் என்ன என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால், முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்து, ஆன் செய்து புள்ளிகள் சுற்ற ஆரம்பித்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார். மறுபடி ஆன், மறுபடி அணைப்பு. இப்படித் தொடர்ந்து நடந்தால், ‘ஏதோ சரியில்லை’ என்று விண்டோஸே புரிந்துகொண்டு பழுது பார்க்கும் பக்கத்துக்குப் போய்விடும். மூன்றாவது முறையில் நீலப் பக்கம் வந்தது. முதலில் கீபோர்டு எந்த நாட்டுடையது என்று கேட்டது. எண்களுக்கு ஷிஃப்ட் தொல்லை வேண்டாம் என்று அமெரிக்க கீபோர்டைத் தேர்ந்தெடுத்தார். பிறகு வந்த பட்டியலில் ‘தெப்பனாஜ்’ என்ற வரியைத் தட்டினார். அவர் பிரெஞ்சு படித்தவர் இல்லை. பழுது பார்ப்பதற்கு பிரெஞ்சில் அதுதான் பெயர் என்று இப்படி வந்த லேப்டாப்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன.

தானாகவே சரிசெய்யும் வசதி ஓடிப் பார்த்துவிட்டுக் கைவிரித்தது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறக்கப் போனார். அங்கேதான் பூட்டு.

48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது திரை.

பாரீஸில் காலை ஆறரை

இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க்கில் உள்ள எல்லாம் பூட்டியே இருக்கும். பிட்லாக்கர் என்று பெயர். லேப்டாப் திருடுபோனால் நம் படங்களை, கணக்குகளை வேறு யாரும் பார்க்க முடியாது என்பது லாபம். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைப் போட்டு முதல்முறை லேப்டாப்பைத் தயார் செய்யும்போதே, நமக்குத் தெரியாமலே பூட்டு விழுந்துவிடும். அதன் சாவிதான் 48 இலக்க எண். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுக் கட்டங்கள். அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும்.

“யாரு மெயில் போட்டு ஆரம்பிச்சீங்க?”

பெண் யோசித்தாள். “சித்தப்பாதான் எல்லாம் போட்டுக் கொடுத்தாரு. அவரு மெயில்தான்.”

கடிகாரத்தில் மணி பதினொன்று. பாரீஸில் காலை ஆறரை. குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். சித்தப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கும் நேரமாம். அம்மா இரண்டு முறை அடித்தார், எடுக்கவில்லை. “டீ குடிச்சிட்டு வாங்கக்கா. சாவி இல்லாம என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பூட்டை உடைக்கிற வேலை இதுல கிடையாது” என்றார் கடைக்காரர்.

டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் மணிக்கூண்டு தெரிகிறது. இந்த ஊருக்கு வரும் தமிழ் வாசகர்கள் தேடும் இன்னொரு பெயர் உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். முத்தியால்பேட்டையைச் சேர்ந்த கிருஷ்ணசாமி செட்டியார் அவருக்கு நெருங்கிய நண்பர். குள்ளமாக, பருமனாக இருந்த அவருக்கு ‘வெல்லச்சு’ என்று பட்டப்பெயர். அவருடைய மாந்தோப்புக்கு பாரதி அடிக்கடி வருவார். ‘குயில் பாட்டு’ பிறந்த இடம் அந்தத் தோப்புதான் என்று ஊரே சொல்லும். குயில் தோப்பு என்றே அதற்குப் பெயராகிவிட்டது.

குயில் பாட்டு நமக்கு முழுசாகக் கிடைத்தது. ஆனால், அதே புதுச்சேரிக் காலத்தில் பாரதி எழுதிய ‘சின்னச் சங்கரன் கதை’க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. இன்று நாம் படிப்பது முற்றுப்பெறாத கதைதான். இன்னொரு பிரதி எங்காவது இருந்திருந்தால், சின்னச் சங்கரன் என்ன ஆனான் என்று நமக்குத் தெரிந்திருக்கும். நோட்டுப் புத்தகத்துக்கு இருந்த அதே ஆபத்துதான் லேப்டாப்புக்கும். ஒரே ஒரு பிரதி இருந்தால் அது பாதி தொலைந்ததற்குச் சமம்.

டீ முடிவதற்குள் போன் வந்தது. தூக்கக் கலக்கத்தில் சித்தப்பா. விஷயத்தைக் கேட்டதும், “அப்பா பேசினதா? இரு, இரு” என்று எழுந்துவிட்டார். அண்ணியின் அப்பாவை அவரும் அப்பா என்றுதான் கூப்பிடுவார். தன் கணக்கைத் திறந்து, லேப்டாப்களின் பட்டியலில் தேடி, எட்டுக் கட்ட எண்ணையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

முதலில் பொருள், பிறகு வண்டி

எண்ணைப் பெண் வாசிக்க வாசிக்க, கடைக்காரர் அடித்தார். நாற்பத்தெட்டாவது இலக்கம் முடிந்ததும் பூட்டு திறந்து கறுப்புத் திரை வந்தது. அவர் நேராகச் சரிசெய்யப் போகவில்லை. “முதல்ல உள்ள இருக்கிறதை எடுத்துடலாம். வண்டியை அப்புறம் பார்ப்போம்” என்றார்.

கறுப்புத் திரையில் ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தார். விண்டோஸில் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சின்ன எழுதும் கட்டம் திறந்தது. அதில் ஃபைல் மெனுவுக்குப் போய், ‘ஓப்பன்’ கொடுத்து, எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னதும், டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டர்கள் அத்தனையும் கண்முன் வந்தன. விண்டோஸ் ஓடாமலே உள்ளே இருப்பதைப் பார்க்கவும், காப்பி செய்து பென் டிரைவில் போடவும் இந்தச் சின்னக் கட்டம் போதும்.

இந்த வழி அடைபட்டாலும் வேறு வழிகள் உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் செய்து கோப்புகளை எடுக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கணினியில் செருகியும் எடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் எந்த வழிக்கும் அந்த 48 இலக்கம் வேண்டும்.

“தாத்தா”ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் அண்ணா.”

இருந்தது. உள்ளே பதினான்கு கோப்புகள். காப்பி கொடுத்தார், பென் டிரைவில் பேஸ்ட் கொடுத்தார். இந்த முறையில் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை வராது. கட்டம் உறைந்ததுபோல நிற்கும். பயந்துபோய் அணைத்துவிடக் கூடாது. பென் டிரைவின் விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

விளக்கு நின்றது. கடைக்காரர் பென் டிரைவைப் பிடுங்கித் தன் கணினியில் செருகி, முதல் கோப்பைத் தட்டினார். கடைக்குள் தறிச் சத்தம் கேட்டது. ‘டக்... டக்...’ நடுவே இருமல். பிறகு ஒரு வயதான குரல், பேத்தியின் கேள்விக்குப் பதில் சொன்னது.

“நெய்யும்போது இழை அறுந்தா என்ன பண்ணுவோமா? அறுந்த இழை எதுன்னு கையால தடவிக் கண்டுபிடிக்கணும். அதை மட்டும் எடுத்து முடி போடணும். பாவையே அறுத்துப் போட்டா, பத்து நாள் உழைப்பு போச்சே பாப்பா.”

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் ஒலியைக் குறைக்காமல் இன்னொரு லேப்டாப்பின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

பதிவு முடிந்த பிறகுதான் பழைய வேலைக்குத் திரும்பினார். பழுது பார்க்கும் பக்கத்தில், கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் நீக்கும் வசதி இருக்கிறது. அதைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடி ஆன் ஆனது. புள்ளிகள் சுற்றின. இந்த முறை நின்றன. கடற்கரைப் படம் ஒன்றின் மேல் மணியும் தேதியும் வந்தன. கீழே பாஸ்வேர்டு கேட்டது.

“இனிமே நீதான் பாப்பா” என்று லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார்.

கடைக்குப் போகும் முன்

எல்லா லேப்டாப்புக்கும் இப்படி நல்ல முடிவு கிடைப்பதில்லை. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தண்ணீர் புகுந்த லேப்டாப்கள் வாரக்கணக்கில் இந்தக் கடைக்கு வந்தன. தண்ணீரில் நனைந்ததைவிட, ‘வேலை செய்யுதா பார்ப்போம்’ என்று உடனே ஆன் செய்ததில் கெட்டவைதான் அதிகம் என்கிறார் கடைக்காரர். நனைந்தால் சார்ஜரைக் கழற்றி, அணைத்து, கூரை மாதிரி கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே கடைக்குக் கொண்டுவர வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதோ, ஹேர் டிரையரில் சூடு காட்டுவதோ வேண்டாம்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தாலும் அதே விதிதான். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழியும்.

மற்றபடி, லாகின் வராத லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வாக்கியமாக ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது: “உள்ளே இருப்பது வேண்டும். கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள்.” பார்மட் செய்துவிட்டால் லேப்டாப் புதிதுபோல ஓடும். ஆனால், நாம் தேடிப் போனது லேப்டாப்பையா, உள்ளே இருப்பதையா?

அதைவிட நல்லது, இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குவது. முக்கியமான படங்கள், குரல்கள், சான்றிதழ்களை ஒரு பென் டிரைவிலும், கூகுள் டிரைவ் மாதிரி இணைய இடம் ஒன்றிலும் போட்டுவையுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்த 48 இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவில் வையுங்கள். லேப்டாப் யார் மெயிலில் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அவர் பாரீஸில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

மதியம் ஒரு மணி. கடைக்காரர் கேட்ட கூலியை அம்மா கொடுத்தார். பென் டிரைவைத் தன் கைப்பையில் வைக்கப் போன மகளைத் தடுத்து, வாங்கித் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். “லேப்டாப் உங்கிட்ட இருக்கட்டும். இது எங்கிட்ட இருக்கட்டும்.”

மணிக்கூண்டு ஸ்டாப்பிங்கில் கோட்டக்குப்பம் டெம்போ வந்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பெண் போனை எடுத்து, சித்தப்பாவுக்கு முதல் பதிவை அனுப்ப ஆரம்பித்தாள். தாத்தாவின் குரலுக்கு மூன்றாவது பிரதி பாரீஸில் இருக்கப்போகிறது.